லென்ஸ் மவுன்ட்டில் நான்கு ஸ்க்ரூ வந்துவிட்டது, ஐந்தாவது அடம் பிடிக்கிறது

#1 தூசி_தட்டி | சனி, இரவு 9.40

வணக்கம். பரணில் கிடந்த பழைய ஃபிலிம் கேமரா ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறேன். ஜப்பானியத் தயாரிப்பு, எஸ்.எல்.ஆர்., முழுக்க மெக்கானிக்கல். ஷட்டர் நன்றாகவே அடிக்கிறது. ஆனால் லென்ஸில் ஒளி நுழையும் துளையை இயக்கும் அப்பெர்ச்சர் லீவர் பிசின் பிடித்த மாதிரி மெல்லத் திரும்புகிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் லென்ஸ் மாட்டும் வளையத்தைக் கழற்றியாக வேண்டும்.

வளையத்தில் ஐந்து ஸ்க்ரூ. நான்கு "டக்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வந்துவிட்டன. ஐந்தாவது, கேமராவை நேராகப் பார்த்தால் ஏழு மணிக்கு முள் நிற்கும் இடத்தில் இருப்பது, அசையவே இல்லை. நான்கு முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் டிரைவர் வழுக்கி வெளியே வந்தது. இப்போது கூட்டல் குறி போய், நடுவில் ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி பளபளவென்று இருக்கிறது.

மொபைல் பழுது பார்க்கும் செட்டில் வந்த ஸ்டார் டிரைவரைத்தான் பயன்படுத்தினேன். ரப்பர் பேண்டை நடுவில் வைத்துத் திருப்பும் வித்தையும் செய்து பார்த்தாயிற்று. ரப்பர்தான் துண்டு துண்டாக வந்தது.

தலையின் விட்டம் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வளையத்தோடு சமமாகப் பதிந்திருக்கிறது. வளையத்துக்குக் கீறல் விழாமல் எடுக்க வழி உண்டா?

#2 கருவிப்பெட்டி | சனி, இரவு 10.15

முதல் வேலையாக அந்த டிரைவரைக் கீழே வையுங்கள். இனி அதை வைத்து ஒரு கால் சுற்றுகூட முயல வேண்டாம்.

கூட்டல் குறி போட்ட எல்லாவற்றையும் நாம் 'ஸ்டார்' என்று ஒரே பெயரில் சொல்லிப் பழகிவிட்டோம். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. 1936-ல் அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை வாங்கிய தலை ஒன்று. ஜப்பானியர்கள் தங்கள் தொழில் தரத்தில் வகுத்துக்கொண்ட ஜே.ஐ.எஸ். தலை இன்னொன்று. பார்க்க இரட்டைப் பிள்ளைகள், ஆனால் ஒருவர் சட்டை இன்னொருவருக்குச் சேராது. பிலிப்ஸ் டிரைவரை ஜே.ஐ.எஸ். பள்ளத்தில் வைத்தால் மூக்கு முதலில் அடியில் போய் முட்டிக்கொள்ளும். சிறகுகள் பக்கச் சுவரை முழுதாகத் தொடாமல் நிற்கும். முறுக்கைக் கூட்டினால் சரிவில் ஏறி வெளியே வந்துவிடும், வரும்போது நான்கு மூலையையும் கொஞ்சம் வழித்துக்கொண்டு வரும். நான்கு முறை இப்படி நடந்தால் நீங்கள் சொல்லும் கிண்ணம்தான் மிச்சம்.

பெரிய ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூ என்றால் தலையில் ஒரு புள்ளி குத்தியிருப்பார்கள். இத்தனை சின்னதில் பெரும்பாலும் அது இருக்காது. புள்ளி இல்லை, அப்படியானால் பிலிப்ஸ் என்று முடிவுகட்ட வேண்டாம். பழைய ஜப்பானியக் கேமரா என்றாலே ஜே.ஐ.எஸ். என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெஸ்ஸல் மாதிரி ஜப்பானிய நிறுவனங்களின் 0, 00 எண் டிரைவர்கள் இரண்டும் வைத்துக்கொண்டால் முக்கால்வாசிக் கேமராவைத் திறந்துவிடலாம். உடனே கிடைக்காது என்றால், ஒரு நல்ல பிலிப்ஸ் நுனியைக் கத்தி தீட்டும் எண்ணெய்க்கல்லில் செங்குத்தாக நிறுத்தி மூக்கை மட்டும் மழுக்குங்கள். கால் மில்லிமீட்டர் போதும். சிறகுகள் கீழே இறங்கிச் சுவரைப் பிடிக்கும்.

அப்புறம் கை. பத்துப் பங்கு பலத்தில் எட்டுப் பங்கு கீழ்நோக்கி அழுத்துவதற்கு, இரண்டு பங்குதான் திருப்புவதற்கு. டிரைவரின் பின்பக்கம் உள்ளங்கையில் பதிந்திருக்க வேண்டும். முதலில் இறுக்கும் திசையில் ஒரு சின்னத் தள்ளு, அப்புறம்தான் கழற்றும் திசை. மரையில் வைத்த பூச்சு விரிசல் விடுவது பெரும்பாலும் அந்த முதல் தள்ளில்தான்.

#3 அஞ்சே_நிமிஷம் | சனி, இரவு 10.32

இவ்வளவு பாடம் எதற்கு? பழைய டிரைவர் நுனியில் ஒரு சொட்டு சூப்பர் குளூ, கிண்ணத்தில் நிறுத்து, பத்து நிமிடம் காய விடு, திருப்பு. லேப்டாப்பில் இரண்டு முறை இப்படி எடுத்திருக்கிறேன்.

#4 ஒற்றைக்கண் | சனி, இரவு 11.05

லேப்டாப்பில் செய்யுங்கள், கேமராவில் தயவுசெய்து வேண்டாம்.

அந்தப் பசை தண்ணீரை விடக் கொஞ்சம்தான் கெட்டி. தலைக்கும் வளையத்துக்கும் நடுவில் முடி நுழையும் இடைவெளி இருந்தாலும் தானே உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய்விடும். ஏற்கனவே ஒட்டியிருக்கிற ஸ்க்ரூவை இன்னொரு முறை ஒட்டி வைத்த கதைதான்.

இன்னொன்று அதன் ஆவி. குற்றம் நடந்த இடத்தில் கைரேகை எடுக்க இதே பசையைச் சூடாக்கி ஆவியாக்குவார்கள், ரேகை இருக்கும் இடத்தில் வெள்ளையாகப் படியும். உங்கள் ஸ்க்ரூவுக்கு இரண்டு சென்டிமீட்டர் தள்ளி மிரர் இருக்கிறது, அதற்கு மேலே வியூஃபைண்டருக்கான படம் விழும் ஃபோகஸிங் ஸ்க்ரீன். இரண்டும் ஜன்னல் கண்ணாடி மாதிரி துடைக்கக்கூடிய பொருள் இல்லை.

#5 தூசி_தட்டி | ஞாயிறு, காலை 7.20

கருவிப்பெட்டி அண்ணே, மிக்க நன்றி. ஒற்றைக்கண் ஐயா, உங்கள் பதிவை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பத்தரை மணிப் பதிவைப் பத்தே முக்காலுக்குப் படித்துவிட்டு, பதினோரு மணிக்குள் ஒட்டியும் விட்டேன். டிரைவர் கால் சுற்றுகூடப் போகவில்லை, "பிட்" என்று பிரிந்து வந்துவிட்டது. கிண்ணத்துக்குள் இப்போது பசை ஒரு படலமாக நிற்கிறது. மிரரின் கீழ் ஓரத்தில் மூச்சு பட்ட மாதிரி ஒரு வெள்ளை. என்ன சொல்லித் திட்டினாலும் தகும்.

#6 ஒற்றைக்கண் | ஞாயிறு, காலை 8.02

திட்ட ஒன்றுமில்லை, நானும் இந்த வழியாகத்தான் வந்தேன். மிரரைத் தொடாதீர்கள். அதன் வெள்ளிப் பூச்சு கண்ணாடிக்குப் பின்னால் இல்லை, முன்னால் இருக்கிறது. பஞ்சால் ஒரு இழு இழுத்தால் கோடு விழும். அந்த வெள்ளை ஃபிலிமில் விழவும் விழாது, வியூஃபைண்டரில் ஒரு மூலையில் லேசாகத் தெரியலாம். அத்தோடு விடுங்கள்.

மிரர் மேல் ஒரு துண்டுத் தாளை வைத்து, முன்வாயை மாஸ்கிங் டேப்பால் முழுக்க மூடுங்கள். இனி எந்த வேலையும் அதற்குப் பிறகுதான்.

#7 மெதுவா_மெதுவா | ஞாயிறு, காலை 9.30

இத்தனை பேர் எழுதியும் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: அந்த ஸ்க்ரூவை எது பிடித்துக்கொண்டிருக்கிறது? பதில் தெரியாமல் பலம் போடுவதில் அர்த்தமில்லை.

கேமராவில் மூன்று காரணம்தான் நான் பார்த்திருக்கிறேன். முதலாவது, தொழிற்சாலையில் மரைக்கு வைத்த பூச்சு. பழையவற்றில் லாக்கர், கொஞ்சம் புதியவற்றில் மரை ஒட்டும் பசை. லென்ஸ் மவுன்ட் ஸ்க்ரூ எல்லாவற்றிலும் இது இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் லென்ஸை மாட்டிக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அந்த வளையம் முறுக்கு வாங்குகிறது. உங்களுக்கு "டக்" என்று கேட்டதே, அது அந்தப் பூச்சு உடைந்த சத்தம். இரண்டாவது, அரிப்பு. ஸ்டீல் ஸ்க்ரூ, அலுமினிய உடல், நடுவில் கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் வெள்ளைப் பொடி உண்டாகி மரையை நிரப்பிவிடும். மூன்றாவது, பேட்டரி கசிவு. இது அடித்தட்டு ஸ்க்ரூக்களில்தான் வரும். அதற்கு வினிகரை ஒரு குச்சியில் தொட்டு வைத்தால் உப்பு கரையும், பிறகு ஆல்கஹாலால் துடைக்க வேண்டும்.

உங்களுடையது நிச்சயம் முதல் வகை. அதற்கு மருந்து அசிட்டோன். முதலில் கிண்ணத்தில் இருக்கும் சூப்பர் குளூவையும் அதுவே இளக்கிவிடும், பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுங்கள். பிறகு ஊசி முனையில் ஒரு துளி எடுத்துத் தலையின் ஓரத்தில் தொடுங்கள். ஊற்றக் கூடாது, தொட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு துளி, அரை மணி நேரம். பிளாஸ்டிக் பக்கம் போனால் பிளாஸ்டிக் உருகும். எழுத்துகளில் நிரப்பிய வெள்ளை, சிவப்புப் பெயின்ட் கரைந்து ஓடும். மேலே போர்த்திய தோல் சுருங்கும். வளையத்தில் இருக்கும் சிவப்புப் புள்ளியைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், லென்ஸை மாட்ட அதுதான் அடையாளம்.

அதற்கும் வரவில்லை என்றால் சூடு. பழைய சால்டரிங் அயர்ன் முனையைச் சுத்தமாகத் துடைத்துத் தலைமேல் பத்து, பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். எடுத்த கையோடு டிரைவர். ஆறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. லென்ஸ் கழற்றி வைத்திருக்கிறீர்கள் அல்லவா? லென்ஸிலேயே உள்ள ஸ்க்ரூ என்றால் இந்தச் சூடு வேண்டவே வேண்டாம். உள்ளே கண்ணாடிகளை ஒட்டிய பால்சம் என்கிற பசை இளகும், ஃபோகஸ் மரையின் கிரீஸ் உருகி அப்பெர்ச்சர் பிளேடுகள் மேல் ஏறும்.

#8 கணக்கு_வாத்தியார் | ஞாயிறு, காலை 10.11

சூடு வைப்பதற்கு எல்லோரும் "உலோகம் விரியும், மரை தளரும்" என்று காரணம் சொல்வார்கள். ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அலுமினியம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும், ஸ்டீல் 12 பங்கு. வித்தியாசம் 11. ஸ்க்ரூ தண்டின் விட்டம் 1.7 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே சேர்ந்து 100 டிகிரி ஏறினாலும் கிடைக்கும் இடைவெளி 0.002 மில்லிமீட்டர்கூட இல்லை. தலைமுடியில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் முழு உடலும் சூடானால்தான். நீங்கள் ஸ்க்ரூவை மட்டும் சுட்டால் ஸ்க்ரூதான் பருக்கும், இறுக்கம் கூடத்தான் செய்யும்.

ஆக, சூடு வேலை செய்வது விரிவதால் அல்ல, பசை இளகுவதால். சாதாரண மரைப் பசைகள் 150 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். அதைத் தாண்ட வேண்டும். அதனால்தான் ஹேர் டிரையரை வைத்து அரை மணி நேரம் ஊதினாலும் ஒன்றும் நடக்காது, அயர்ன் பத்து நொடியில் செய்துவிடும்.

#9 அஞ்சே_நிமிஷம் | ஞாயிறு, காலை 10.20

சரி, சூப்பர் குளூ என் தப்பு. டபிள்யூ.டி-40 ஸ்ப்ரே எண்ணெய் அடிக்கலாமா?

#10 மெதுவா_மெதுவா | ஞாயிறு, காலை 10.24

கேமரா இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். எண்ணெய் ஊர்ந்து போகும். இன்று ஸ்க்ரூவில் அடித்தது அடுத்த மாதம் ஷட்டர் பிளேடில் இருக்கும். அதோடு, இங்கே பிடித்திருப்பது துரு இல்லை, பூச்சு.

#11 லேத்_பக்கத்து_வீடு | ஞாயிறு, மதியம் 1.45

தலை இன்னும் கொஞ்சமாவது பிடிக்கும் நிலையில் இருப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன், தூசி_தட்டிக்கு உதவினாலும் உதவலாம்.

கையால் அழுத்திக்கொண்டே திருப்பும்போது அழுத்தம் ஒரு பக்கம் சாயும். அந்த ஒரு டிகிரி சாய்வுதான் வழுக்க வைக்கிறது. மேசை டிரில் இருந்தால், முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சும்மா ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். டிரில் பிட் மாட்டும் வாயில் டிரைவர் பிட்டை மாட்டுங்கள். கேமராவைக் கீழே மணல் பையில் ஆடாமல் உட்கார வையுங்கள். பிட்டை இறக்கி ஸ்க்ரூவின் நடுவில் நிறுத்தி, இடது கையால் நெம்புகோலை இறக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பிட்டைப் பிடித்திருக்கும் அந்த வாயை மெல்லத் திருப்புங்கள். அழுத்தம் நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கும், சாய வழியே இல்லை. கை வேலையில் தோற்ற எத்தனையோ ஸ்க்ரூ எனக்கு இப்படி வந்திருக்கிறது.

பிட் நுனியில் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைக் கடுகளவு தொட்டுக்கொண்டால் பிடிப்பு இன்னும் கூடும். அதில் இருப்பது கார்போரண்டம் தூள். வேலை முடிந்ததும் ஒரு துகள் விடாமல் துடைத்துவிட வேண்டும், உள்ளே போனால் பல்சக்கரங்களைத் தின்றுவிடும்.

#12 தூசி_தட்டி | செவ்வாய், இரவு 8.50

ஜே.ஐ.எஸ். 0 டிரைவர் கையில் கிடைத்தது. மற்ற நான்கில் ஒன்றைத் திரும்பப் போட்டு இதை வைத்துப் பார்த்தேன். உள்ளே போய் உட்காரும்போதே தெரிகிறது, டிரைவரை விட்டுவிட்டாலும் நிமிர்ந்து நிற்கிறது. பழைய டிரைவர் அதே பள்ளத்தில் தொளதொளவென்று ஆடியது. நான்கு நாளைக்கு முன்னால் இது இருந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

ஐந்தாவது மட்டும் அப்படியே. அசிட்டோன் வைத்தேன், பசைப் படலம் தோலாக உரிந்து வந்தது. அயர்ன் இரண்டு முறை. இரண்டாவது முறை லேசாக ஒரு வாடை வந்தது, லாக்கர் கருகியிருக்கும் என்று நினைக்கிறேன். டிரைவர் ஒரு நொடி பிடித்தது, மறுபடி சுற்றிவிட்டது. பிடிக்க உள்ளே ஒன்றுமே மிச்சமில்லை.

#13 இடம்புரி | செவ்வாய், இரவு 9.15

ஒரு சந்தேகம். அந்த ஒன்று மட்டும் இடம்புரி மரையாக இருக்குமோ? நீங்கள் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருக்கலாம். என் பெயரைப் பார்த்தாலே புரியும், நான் ஒரு முறை ஏமாந்தவன்.

#14 கருவிப்பெட்டி | செவ்வாய், இரவு 9.28

நல்ல கேள்வி, ஆனால் மவுன்ட்டில் இருக்காது. ஒரே வளையத்தில் நான்கு வலம்புரி, ஒன்று இடம்புரி என்று யாரும் போட மாட்டார்கள். ஃபிலிம் சுற்றும் லீவரின் உச்சியில், படம் எண்ணும் கவுன்டருக்குக் கீழே, இந்த மாதிரி தானே சுழலும் இடங்களில்தான் சந்தேகப்பட வேண்டும். சுழலும் திசையிலேயே கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அங்கே திருப்பிப் போடுவது உண்டு. கைக்கடிகாரத்தில் நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது: தலையில் மூன்று கோடு இருந்தால் இடம்புரி. கேமராக்காரர்கள் எல்லோரும் அந்த மரியாதையைக் காட்டுவதில்லை.

#15 அஞ்சே_நிமிஷம் | செவ்வாய், இரவு 9.40

தேய்ந்த ஸ்க்ரூவுக்குள் கடித்துப் பிடித்து வெளியே எடுக்கும் ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டர் என்று ஒன்று விற்கிறதே?

#16 கடிகாரத்_திருகு | செவ்வாய், இரவு 10.30

காரில் சரி. 1.7 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு எக்ஸ்ட்ராக்டர் என்றால் அது ஊசி மாதிரி இருக்கும். கடினமாக்கிய ஸ்டீல், முறுக்கினால் வளையாது, உள்ளேயே முறியும். ஸ்க்ரூவை டிரில் பிட் வெட்டும். முறிந்த எக்ஸ்ட்ராக்டரைச் சாதாரண பிட் வெட்டாது. பிறகு பேய்க்குப் பயந்து பிசாசுக்கு வாழ்க்கைப்பட்ட மாதிரிதான்.

எங்கள் கடிகார வேலையில் முறிந்த ஸ்க்ரூவை எடுக்கும் வழி ஒன்று உண்டு, படிகாரம். பித்தளைத் தட்டில் ஸ்டீல் ஸ்க்ரூ தலை முறிந்து உள்ளே நின்றுவிட்டால், தட்டில் இருக்கும் மற்ற ஸ்டீல் பாகம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, படிகாரம் கரைத்த வெந்நீரில் போட்டு வைப்போம். பல மணி நேரம் சின்னச் சின்னக் குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். ஸ்க்ரூ கறுத்து, பொடிந்து, கரைந்து போய்விடும், பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. மரைகூட அப்படியே இருக்கும். கேமராவில் தனியாகக் கழற்ற முடிகிற பித்தளைப் பாகத்துக்கு மட்டும் இது பொருந்தும். மெக்னீசியம், துத்தநாக வார்ப்பு பாகத்தை அதில் போட்டால் பாகமே போய்விடும். தூசி_தட்டி, உங்களுக்கு இது உதவாது, முழு உடலையும் முக்க முடியாது.

#17 ஒற்றைக்கண் | செவ்வாய், இரவு 11.20

சரி, இனி தலையை வெட்டி எடுப்பதுதான். பயப்பட வேண்டாம், ஒழுங்காகச் செய்தால் இதுதான் எல்லாவற்றிலும் பத்திரமான வழி. நான் இதைக் கடைசி வழி என்றுகூடச் சொல்ல மாட்டேன். வளையத்தில் பத்து முறை டிரைவர் வழுக்கிக் கீறுவதை விட இது மேல்.

உங்கள் ஸ்க்ரூவின் தலை பதிதலை, அதாவது அடிப்பக்கம் கூம்பு. கூம்பு வளையத்தின் குழியில் ஆப்பு அடித்த மாதிரி இறுகும். நீங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது மரையோடு மட்டுமில்லை, பாதிக்கு மேல் அந்தக் கூம்போடு. கூம்பை எடுத்துவிட்டால் வளையம் தானே வந்துவிடும், மிச்சம் நிற்கும் தண்டுக்கு இழுவிசையே இருக்காது.

கழற்றிய நான்கில் ஒன்றை எடுத்து வெர்னியர் அளவுகோலில் தண்டை அளந்துகொள்ளுங்கள். 1.7 என்றால் 1, 1.5, 1.7 என்று மூன்று பிட். மின்சார டிரில் வேண்டாம், பின் வைஸ் என்கிற கைப்பிடியில் மாட்டி விரலால் திருப்புங்கள். இந்த ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் மென்மையான ஸ்டீல், சாதாரண ஹை ஸ்பீடு பிட் நன்றாக வெட்டும். உங்கள் கிண்ணம் இப்போது உபகாரம் செய்யும், பிட் தானே நடுவில் போய் உட்காரும். ஆழம் அதிகம் வேண்டாம், கூம்பின் உயரம் ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். பிட்டில் அந்த அளவில் டேப் சுற்றிவிடுங்கள்.

ஆபத்து எல்லாம் தூளில் இருக்கிறது. ஸ்க்ரூவைச் சுற்றி களிமண் மாதிரி பிளாஸ்டிசினால் ஒரு வரப்பு கட்டுங்கள், உள்ளே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். காற்று ஊதுவது மட்டும் கூடாது, ஊதினால் எங்கே போகும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி ஒற்றி எடுக்கலாம், ஆனால் எக்ஸ்போஷர் மீட்டர் முள் இருக்கும் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

வளையம் வந்ததும் அவசரப்பட்டுத் தூக்க வேண்டாம். அதன் அடியில் தாள் மாதிரி மெல்லிய ஷிம் இருக்கலாம். லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரத்தை அதை வைத்துத்தான் சரிசெய்திருப்பார்கள். நிக்கான் எஃப் மவுன்ட்டில் அது 46.5 மில்லிமீட்டர், பென்டாக்ஸ் கே-யில் 45.46. இரண்டாவது தசம இடம் வரை பார்க்கிற விஷயம். எந்த ஷிம் எந்தப் பக்கம் இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

#18 புது_வரவு | புதன், காலை 6.55

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே தொல்லை, ஆனால் ஃப்ளாஷ் உள்ள சின்ன டிஜிட்டல் காம்பாக்ட். பக்கவாட்டு ஸ்க்ரூ தேய்ந்துவிட்டது. இதே முறையில் துளைக்கலாமா?

#19 கருவிப்பெட்டி | புதன், காலை 7.30

நில்லுங்கள். அதற்குள் ஃப்ளாஷுக்கான கெப்பாசிட்டர் இருக்கிறது, சுமார் 300 வோல்ட் வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றினாலும் நாள்கணக்கில் மின்சாரம் நிற்கலாம். உலோக பிட் தவறிப்போய் அதன் காலைத் தொட்டால் கையை உதறிப் போடும், கேமராவும் போகும். ஸ்க்ரூ எந்தப் பக்கம், உள்ளே கெப்பாசிட்டர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் துளைக்க வேண்டாம். திறந்த பிறகு டிரைவரைக் குறுக்கே வைத்து "டப்" என்று பொறி பறக்கவிடுவார்கள் சிலர், அதுவும் வேண்டாம். ஒன்று, இரண்டு கிலோ ஓம் ரெசிஸ்டரைக் காப்பிட்ட குறடில் பிடித்து இரண்டு காலுக்கும் நடுவில் சில நொடி வையுங்கள், பிறகு மீட்டரில் பாருங்கள்.

அதோடு பிளாஸ்டிக் உடல் என்றால் அசிட்டோனும் அயர்னும் உங்களுக்குக் கிடையாது. உங்கள் ஸ்க்ரூ பிளாஸ்டிக்கில் நேராக இறங்குகிற ரகமாக இருக்கும், அதில் பூச்சு பெரும்பாலும் இருக்காது. சரியான டிரைவரும் நல்ல அழுத்தமும் போதும். தனிப் பதிவாகப் படத்தோடு போடுங்கள்.

#20 தூசி_தட்டி | ஞாயிறு, மாலை 5.10

வந்துவிட்டது!

நடந்ததைச் சொல்கிறேன். முன்வாய் மூடி, வரப்பு கட்டி, கிரீஸ் தடவி, எல்லாம் ஐயா சொன்னபடி. 1 மில்லிமீட்டர் பிட்டை வைத்துத் திருப்ப ஆரம்பித்தேன். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது, கிண்ணத்தின் அடி பளபளப்பானதுதான் மிச்சம். அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன், சட்டென்று பிட் கடித்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் தலைமுடி மாதிரி ஒரு வெள்ளிச் சுருள் கிரீஸுக்குள் எழும்பி வருகிறது. அதற்குப் பிறகு பத்துச் சுற்றுக்கு ஒரு முறை நிறுத்தி, துடைத்து, மறுபடி. 1.5 போட்டபோது வேகமாகவே போனது.

1.7 பிட் டேப் அளவை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் கையில் ஒரு மாற்றம் தெரிந்தது. எதிர்ப்பு விட்டுப்போய், பிட்டோடு சேர்ந்து ஏதோ சுற்றுகிறது. தூக்கிப் பார்த்தால் தலை ஒரு குட்டி மோதிரம் மாதிரி பிட்டைச் சுற்றி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நடுவில் ஓட்டை, சுற்றிலும் கூம்பு. அதை வைத்து ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வளையம் நகத்தால் தொட்டதும் வந்தது. அடியில் ஷிம் இரண்டு, படம் எடுத்துவிட்டேன். தண்டு இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இதைக் குறட்டால் பிடித்து மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பின் வைஸின் வாயிலேயே தண்டைக் கவ்விப் பிடித்துத் திருப்பினேன், வெண்ணெயில் கத்தி மாதிரி ஏழெட்டுச் சுற்றில் கையில் வந்துவிட்டது. ஒரு வாரம் என்னை ஆட்டி வைத்தது இதுதானா என்று இருந்தது. மரையில் பழுப்பு நிறத்தில் கருகிய பூச்சு ஒட்டியிருக்கிறது, ஆகவே அயர்ன் தன் வேலையைச் செய்துதான் இருந்தது, பிடிக்கத் தலைதான் இல்லை.

வளையத்தில் கீறல் ஒன்று இருக்கிறது. அது முதல் நாள் ஸ்டார் டிரைவர் போட்டது.

அப்பெர்ச்சர் லீவர் அடியில் பழைய கிரீஸ் அரக்கு மாதிரி இறுகியிருந்தது. லைட்டர் பெட்ரோலைத் தூரிகையில் தொட்டு இரண்டு முறை கழுவியதும் "சடக்" என்று திரும்புகிறது. இனி ஒரு ஸ்க்ரூ மட்டும் வேண்டும். என்ன அளவு கேட்டு வாங்குவது?

#21 ஒற்றைக்கண் | ஞாயிறு, மாலை 6.00

தலை மோதிரமாக வந்தது என்றால் நடுவில் சரியாக இறங்கியிருக்கிறீர்கள். நன்றாகச் செய்தீர்கள்.

தண்டு 1.7 என்றால் எம் 1.7, மரை இடைவெளி 0.35. பொதுவான கடைச் சரக்கில் எம் 1.6-உம் எம் 2-உம்தான் சுலபமாகக் கிடைக்கும். எம் 1.6-க்கும் இடைவெளி 0.35-தான், அதனால் உள்ளே போகும், இறுகுகிற மாதிரியும் தெரியும், ஆனால் தொளதொளப்பு, லென்ஸ் எடையில் மரையைக் கெடுக்கும். அதை வாங்க வேண்டாம். இதே மாடல் உடைந்த உடல் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து எடுப்பதே மேல், தலையின் கோணமும் நீளமும் பொருந்தும். நீளம் அரை மில்லிமீட்டர் கூடினாலும் உள்ளே எதிலாவது முட்டும். அது வரை நான்கு ஸ்க்ரூவில் கனமில்லாத லென்ஸ் மாட்டிக்கொள்ளலாம்.

போடும்போது எல்லாவற்றையும் பாதி இறுக்கி, பிறகு எதிரெதிராக முழு இறுக்கம். மரைப் பசையில் லாக்டைட் 222, ஊதா நிறம், சின்ன ஸ்க்ரூவுக்கென்றே செய்தது, ஊசி முனையளவு போதும். நீலமும் சிவப்பும் வேண்டாம், அடுத்து திறக்கப்போவதும் நீங்களாகத்தான் இருக்கும்.

#22 அஞ்சே_நிமிஷம் | ஞாயிறு, மாலை 6.12

வாழ்த்துகள்! அந்த சூப்பர் குளூ மிச்சம் இருந்தால் லாக்டைட்டுக்குப் பதில் அதையே ஒரு சொட்டு விடலாமே?

#23 தூசி_தட்டி | ஞாயிறு, மாலை 6.15

மிச்சம் இருக்கிறது. மூடி ஒட்டிக்கொண்டு திறக்க வரமாட்டேன் என்கிறது.